அடுப்பங்கரைப் புகையும் பண்டிகை ஆடையும்

கோயம்புத்தூருக்கு வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், மலைகளின் நடுவே அமைந்துள்ளது ஆனைகட்டி. கொடுங்கரைப் பள்ளத்தைக் கடந்தால் கேரள மாநிலத்துப் பாலக்காடு மாவட்டம்; அட்டப்பாடி மலைநாடு அங்கே தொடங்குகின்றது. பள்ளத்தின் இரு கரைகளிலும் இருளர் ஊர்கள் உள்ளன. தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் வழங்குகின்றன. ஆகவே பண்டிகைகளும் இங்கு இரட்டிப்பாகும். ஆவணியில் ஓணம் வருகின்றது, அதற்கு ஓணக்கோடி. ஐப்பசியில் தீபாவளி வருகின்றது, அதற்கும் புத்தாடை. ஓணத்திற்கு நேந்திரங்காய் வறுவல், தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும். வீட்டிற்குப் புதுத் துணி வந்து சேரும் அதே வாரத்தில்தான், ஆண்டில் வேறெப்போதும் இல்லாத அளவு எண்ணெயும் வாணலியில் காய்கின்றது.

இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ், பல இல்லங்களில் ஒரே அறைக்குள், நிகழ்வதால் விளைவது யாவரும் அறிந்ததே. பண்டிகைக் காலையில் மடிப்புக் கலையாத புதுச்சட்டையை எடுத்து உதறினால் அதில் எண்ணெய்ச் சிக்கும் புகையும் கலந்த மணம் எழுகின்றது. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது, துவைத்து உலர்த்திய சீருடைகளிலும் அம்மணமே வீசுகின்றது. துவைத்த துணியில் மணம் ஏன் நிற்கின்றது என்பதும், அதனை எவ்விடத்தில் தடுக்கலாம் என்பதும் இப்பாடத்தில் ஆராயப்படுகின்றன. துணியில் நாறும் புகை பெரும்பாலும் துவைப்பின் குறையால் வருவதன்று. துணி தொங்கும் இடத்தாலும் அடுப்பின் அமைப்பாலும் வருவது. இதனை ஆசிரியரும் களப்பணியாளரும் முதலில் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

மணம் எவ்வாறு பயணம் செய்கின்றது?

மணம் என்பது காற்றில் மிதக்கும் ஏதோ ஓர் அருவப்பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். மணம் பொருளேயாகும். எடையுள்ள மூலக்கூறுகள் மூக்கினுள் சென்று படும்போதே மணம் உணரப்படுகின்றது. அம்மூலக்கூறுகள் சமையலறையிலிருந்து துணிக்கு இருவகையாய் வந்து சேர்கின்றன. ஆவியாக வருவது ஒரு வகை; நுண்ணிய எண்ணெய்த் துளிகளின்மேலும் புகைத்துகள்களின்மேலும் ஏறி வருவது மற்றொரு வகை.

முறுக்குச் சுடும் வாணலியைக் கவனிப்போர்க்கு இது எளிதில் விளங்கும். எண்ணெய் 170 முதல் 190 டிகிரி சென்டிகிரேடு வரை காய்ந்து நிற்கின்றது. பிழிந்த மாவிலுள்ள நீரோ 100 டிகிரியிலேயே ஆவியாக வேண்டியது. மாவு எண்ணெயில் விழுந்த கணமே அந்நீர் ஆவியாகி, தன் முந்தைய கன அளவைப்போல் ஏறத்தாழ 1,600 மடங்கு விரிகின்றது. சுற்றி எழும் குமிழிகள் யாவும் இந்நீராவியே. குமிழி மேற்பரப்பில் உடையுந்தோறும் கண்ணுக்குப் புலனாகாத எண்ணெய்த் துளிகள் தெறித்து, எழும் வெப்பக்காற்றுடன் மேலே செல்கின்றன. இவற்றுள் பெருந்துளிகள் அடுப்பைச் சுற்றியே விழுந்துவிடும். ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறியவை கீழே விழுவதில்லை. அவை மணிக்கணக்கில் காற்றில் திரிந்து, எதிர்ப்படும் சுவர், விட்டம், கொடியில் தொங்கும் வேட்டி ஆகிய எதன்மேலும் ஒட்டிக்கொள்கின்றன. வாணலியிலிருந்து இரண்டு பாகத் தொலைவில் தொங்கிய துணியிலும் எண்ணெய் மணம் இருப்பதற்கு இதுவே காரணம்.

எண்ணெயின் வகைக்கேற்ப மணமும் வேறுபடும். நல்லெண்ணெய், கடலையெண்ணெய் போன்றவற்றில் லினோலியிக் அமிலம் கணிசமாக உள்ளது. அது உயர்ந்த வெப்பத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து சிதைந்து ஆல்டிஹைடுகளைத் தருகின்றது. பலகாரத்திற்குரிய மணம் என நாம் விரும்பிப் போற்றுவது பெரும்பாலும் இவையே. மறுநாள் துணியில் சிக்கு நாற்றம் என வெறுப்பதும் இவையே. தேங்காயெண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பாதலால், அதில் இவ்வகை ஆல்டிஹைடுகள் குறைவு. எனினும் செக்கில் ஆட்டிய, சுத்திகரிக்காத தேங்காயெண்ணெய் சற்றுக் குறைந்த வெப்பத்திலேயே புகையத் தொடங்கும் தன்மையுடையது. ஓணத்து வறுவலில் அடுப்பைச் சற்றுத் தணித்து வைத்தல் வேண்டுமென்பது இதனாலேயே. எந்த எண்ணெயாயினும், ஒருமுறை காய்ந்ததனை மீண்டும் மீண்டும் காய்ச்சினால் புகையும் மணமும் மிகுதியாகும்; உடலுக்கும் தீங்கு.

வெங்காயம், பூண்டு, பெருங்காயம் ஆகியவற்றின் மணம் கந்தகம் கலந்த சேர்மங்களால் வருவது. இவ்வினத்துப் பொருள்களை மனித மூக்கு மிகச் சிறு அளவிலேயே கண்டுகொள்ளும். சமையல் வாயு உருளையில் கசிவை அறிவிக்கும் பொருட்டுக் கலக்கப்படும் ஈத்தைல் மெர்காப்டனும் கந்தகச் சேர்மமே. ஆகையால் தாளிப்பு மணம் எண்ணெய் மணத்தினும் விரைவாகப் பரவுவதாகத் தோன்றும். ஆனால் விரைவாக அகலவும் செய்யும். நாட்கணக்கில் துணியை விடாதது புகையே.

விறகின் புகை

விறகில் செல்லுலோசுடன் லிக்னின் என்னும் பொருள் உள்ளது. விறகு முழுமையாக எரியாமல் கனன்று புகையும்போது லிக்னின் சிதைந்து குவாயக்கால், சிரிங்கால் முதலிய பீனால் வகைப் பொருள்களாக மாறுகின்றது. புகைமணம் எனப்படுவது முக்கியமாக இவற்றால் ஆனது. இவை எளிதில் ஆவியாகி அகலாதவை. நூலிழையில் ஒருமுறை தங்கினால் வெறுங் காற்றாட்டத்தால் நீங்குவதில்லை.

பச்சை விறகில் எடையில் ஏறத்தாழப் பாதி நீராகவே இருக்கக்கூடும். அந்நீரை ஆவியாக்குவதிலேயே தீயின் வெப்பம் செலவாகின்றது. தீ நாக்கு எழாமல் புகை எழுகின்றது. அட்டப்பாடியின் கிழக்குப் பகுதியும் ஆனைகட்டியும் மலைமறைவுப் பகுதிகளாதலால், இங்கு மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவக்காற்றினால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்கின்றது. தீபாவளியும் அப்போதே வருகின்றது. ஆகவே பலகாரம் மிகுதியாகச் சுடும் வாரமும், விறகு நனைந்திருக்கும் வாரமும், துணியை வெளியில் உலர்த்தவியலாத வாரமும் ஒன்றாகிவிடுகின்றன. கோடையில் வெட்டிய சுள்ளியையும், காடெங்கும் படர்ந்துள்ள உண்ணிச்செடியின் தண்டினையும் ஆடி மாதத்திற்கு முன்னரே கூரையின்கீழ் அடுக்கி வைத்த வீட்டில் தீபாவளிப் புகை கண்கூடாகக் குறையும். மேம்பட்ட அடுப்பு இல்லாத வீட்டிலும் செய்யத்தக்க, செலவற்ற முறை இது.

துணியின் இயல்பு

எல்லாத் துணியும் மணத்தை ஒரே வகையில் ஏற்பதில்லை. 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் வைத்தால், பருத்தி தன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 8.5 சதவீத நீரையும், பட்டு 11 சதவீதத்தையும், கம்பளி 16 சதவீதத்தையும் உறிஞ்சிக்கொள்ளும், பாலியெஸ்டரோ 0.4 சதவீதமே ஏற்கும். நீரை விரும்பும் பருத்தி, நீரில் கரையும் புகைப்பொருள்களை ஈரத்துடன் சேர்த்து இழுத்துக்கொள்கின்றது. ஆனால் துவைக்கும்போது விட்டும் விடுகின்றது. பாலியெஸ்டர் நீரை விரும்பாதது, எண்ணெயை விரும்புவது. முறுக்குச் சட்டியின் எண்ணெய்த் துளிகள் அதனிடம் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். வெறுநீரில் அலசினால் போகா. இன்று பள்ளிச் சீருடைகள் பலவும் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த நூலால் நெய்யப்படுகின்றன. எனவே அவற்றில் புகையும் எண்ணெயும் ஒருங்கே தங்குகின்றன. விரைவில் உலர்வதும் கசங்காமையும் இத்துணியின் நற்குணங்கள்; மணத்தைப் பொறுத்தவரை அது பழைய கதருக்கு ஈடாகாது.

ஈரத்துணி உலர்ந்த துணியினும் மிகுதியாகப் புகையை ஏற்கும். மழைக்காலத்தில் துவைத்த சட்டையை அடுப்புக்குமேல் கயிற்றில் போட்டு உலர்த்தும் வழக்கம் மலையூர்களில் மட்டுமன்றிச் சமவெளியிலும் உண்டு. சட்டை உலர்கின்றது; உலர்வதற்குள் அரைநாட் புகையையும் ஏற்றுக்கொள்கின்றது. துவைத்த உழைப்பு அத்துடன் வீணாகின்றது. ஓலையும் புல்லும் வேய்ந்த வீட்டில் இது தீவிபத்துக்கும் இடமளிப்பது.

வகுப்பறையில் நேர்வது

விடுமுறைக்குப்பின் வகுப்பில், ஒரே பலகையில் அமர்ந்த பிள்ளைகளுள் ஒருவன் சற்று விலகி அமர்வதையும், மற்றொருவன் மூக்கைப் பொத்திக்கொள்வதையும் கண்டிராத ஆசிரியர் இரார். விலக்கப்பட்ட பிள்ளை தலைகுனிகின்றது. மறுநாள் கடைசி வரிசைக்குச் செல்கின்றது. சில வேளைகளில் பள்ளிக்கே வராமல் நின்றுவிடுகின்றது. மலையூர்களிலிருந்து வரும் பிள்ளைகள் ஏற்கெனவே மொழியாலும் தூரத்தாலும் வகுப்பில் ஒதுங்கி நிற்பவர்கள். அவர்கள்மேல் சட்டையின் மணமும் ஒரு குற்றமாய் ஏறிவிடுகின்றது.

‘துவைத்து உடுத்தி வரக்கூடாதா?’ என்று கேட்பது இயல்பு. அக்கேள்வி பெரும்பாலும் பொருந்தாதது. ஒரே அறையில் அடுப்பும் படுக்கையும் துணிக்கொடியும் இருக்கும் வீட்டில், அன்று காலை ஓடையில் துவைத்த சட்டையும் மாலைக்குள் புகைமணம் பெறும். மேலும், அப்பிள்ளையால் அம்மணத்தை உணரவே இயலாது. ஒரே மணத்தில் தொடர்ந்து இருப்பவர்க்குச் சில நிமிடங்களிலேயே அதனை உணரும் திறன் மங்கிவிடுகின்றது என்பது உடலியல் உண்மை. மூக்கும் மூளையும் மாறாத செய்தியை ஒதுக்கிவிட்டுப் புதிய செய்திக்காகக் காத்திருக்கின்றன. காப்பிக்கொட்டை வறுக்கும் கடையில் பணிபுரிபவர்க்குக் காப்பி மணம் தெரியாததும், புதிதாய் நுழைபவர்க்கு அது நெடுந்தூரம் தெரிவதும் இதனாலேயே. பிள்ளையின் தாய்க்கும் இது தெரியாது. தெரியாத ஒன்றைச் செய்ததாகக் கடிந்தால் பிள்ளைக்கு நாணமே மிஞ்சும், பரிகாரம் கிடையாது.

இவ்வுண்மையை எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடமாகவே கற்பிக்கலாம். ஒவ்வொரு வீட்டிற்கும் ஒரு மணம் உண்டென்றும், தன் வீட்டு மணம் தனக்குத் தெரியாதென்றும் அறிந்த பிள்ளை பிறரைப் பார்த்து மூக்கைப் பொத்தத் தயங்கும். மூக்கைப் பொத்துபவனின் சட்டையிலும் பக்கத்து ஊரார்க்குத் தெரியும் ஒரு மணம் இருக்கின்றதன்றோ!

களப்பணியாளர்க்கோ இம்மணம் வேறொரு செய்தியைத் தருகின்றது. சட்டையில் இத்துணை புகை படிந்திருந்தால், அதே அறையில் நாள்தோறும் மணிக்கணக்கில் அடுப்பருகே அமரும் தாயின் நுரையீரலிலும், அவள் இடுப்பிலுள்ள குழந்தையின் நுரையீரலிலும் எத்துணை படிந்திருக்கும்? வீட்டினுள் எழும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. குழந்தைகளின் நிமோனியாவும் பெரியோரின் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் இதில் அடங்கும். வீடு வீடாகச் செல்வோர் கொடியில் தொங்கும் துணியை முகர்ந்தறிவது ஒரு கருவியும் இல்லாத அளவையாகும். எந்த வீட்டில் முதலில் அடுப்பைப் பற்றிப் பேசவேண்டும் என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

துணியை எங்கே வைப்பது?

புதுத்துணியைக் கடையிலிருந்து கொணர்ந்தவுடன் மூடியுள்ள தகரப்பெட்டியில் வைத்தல் நலம். பழைய தகரப்பெட்டியின் மூடி வளைந்து இடுக்கு விட்டிருக்குமாயின், விளிம்பைச் சுற்றி ஒரு மடிப்புத் துணியை வைத்து அழுத்தி மூடலாம். பெட்டி இல்லாதோர் தடித்த பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டித் தொங்கவிடலாம். இரண்டிலும் ஒரு நிபந்தனை உண்டு: துணி முற்றிலும் உலர்ந்திருத்தல் வேண்டும். சற்றே ஈரம் இருப்பினும் பூஞ்சை பிடித்துப் புகையினும் கொடிய மக்கல் நாற்றம் உண்டாகும். பெட்டியினுள் அடுப்புக்கரித் துண்டுகளை ஒரு துணிமுடிப்பில் கட்டி வைப்பது சிலர் வழக்கம். கரி மணத்தை ஓரளவு ஈர்க்கும். ஆனால் ஆலைகளில் பதப்படுத்திய கரியின் ஆற்றல் அதற்கில்லை. நொச்சியும் வேப்பிலையும் வசம்பும் பூச்சியைத் தடுப்பதற்காக வைக்கப்படுவன. மணத்தைத் தடுப்பதில் அவற்றிற்குப் பங்கு சிறிது.

சாம்பிராணிப் புகை காட்டினால் சமையல் மணம் போகும் என்பது பரவலான நம்பிக்கை. அது மணத்தைப் போக்குவதில்லை; மேலும் ஒரு புகையைத் துணியில் ஏற்றி முன்னதை மறைக்கின்றது. பூசையறையில் அதற்குரிய இடம் வேறு.

வீட்டில் கொடி கட்டும் இடத்தைக் காற்றின் திசை நோக்கித் தெரிதல் வேண்டும். ஓணக்காலத்தில் காற்று பொதுவாக மேற்கிலிருந்து வீசும். தீபாவளிக்காலத்தில் வடகிழக்கிலிருந்து வீசும். எனவே ஓணத்தின்போது புகைபடாதிருந்த அதே மூலை, தீபாவளியின்போது புகைமூலையாகக்கூடும். மலையிடுக்குகளில் பகலில் ஒரு திசையும் இரவில் மற்றொரு திசையுமாகக் காற்று மாறுவதும் உண்டு. ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி அடுப்பின்மேல் பிடித்தால் அதன் புகை செல்லும் வழி தெரிந்துவிடும். அவ்வழிக்கு எதிர்ப்புறத்தில் துணி இருக்கவேண்டும். அடுப்புக்கு நேர் எதிரே ஒரு சன்னலும், அடுப்பின் பக்கம் கூரையை ஒட்டி ஒரு திறப்பும் இருந்தால் புதுக்காற்று தாழ நுழைந்து புகை மேலே வெளியேறும். இரண்டு திறப்பும் ஒரே சுவரில் இருந்தால் பயன் குறைவு.

பலகாரத்தை முற்றத்தில் தனியடுப்பு மூட்டிச் சுடலாமே என்று தோன்றும். சமவெளிக் கிராமங்களுக்கு இது சிறந்த யோசனை. ஆனைகட்டியிலோ ஊரின் பெயரே எச்சரிக்கை தருகின்றது. இப்பகுதி யானைகளின் நடமாட்டமுள்ள காடு. அரிசியையும் உப்பையும் நாடி அவை வீட்டுச் சுவரை இடிப்பதும் உண்டு. ஆப்பிரிக்க யானையிடம் மணமுணரும் மரபணுக்கள் ஏறத்தாழ 2,000 உள்ளன என 2014இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று; மனிதனிடம் உள்ளவற்றைப்போல் இது ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஆசிய யானையின் மூக்கும் எளியதன்று. ஆகவே முற்றத்து அடுப்பு பகல் வேளைக்கே உரியது. பொழுது சாய்வதற்குள் வேலையை முடித்து, எண்ணெய்ச் சட்டியையும் பலகாரத்தையும் உள்ளே கொண்டுசென்று மூடிவைத்தல் வேண்டும்.

பண்டிகை முறையிலேயே ஒரு நல்ல ஒழுங்கு பொதிந்துள்ளது. தீபாவளிக்கு விடியுமுன் எண்ணெய் தேய்த்து நீராடிப் பின்னரே புத்தாடை உடுத்துவது வழக்கம். பலகார வேலை முதல்நாள் பகலிலேயே முடிந்திருந்தால், இரவு முழுவதும் வீடு காற்றாடி, காலையில் குளித்த உடம்பில் தூய ஆடை ஏறும். ஓணத்திற்கும் உத்திராட நாளுக்கு முன்னரே வறுவலை முடித்துத் தகர டின்னில் அடைத்துவிடலாம். சுடுபவர் பழைய பருத்தி ஆடையை உடுத்தித் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வது நலம். கூந்தலும் நூலிழை போன்றே மணத்தை ஏற்பது. பாலியெஸ்டர்ப் புடவையுடன் அடுப்பருகே நிற்றல் மணத்திற்காக மட்டுமன்றி உயிருக்காகவும் தவிர்க்கத்தக்கது. அது தீப்பற்றினால் உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும்.

அடுப்பைத் திருத்துதல்

துணியை ஒளித்துவைப்பது பாதி வழியே. புகையை வீட்டிற்குள் விடாமல் இருப்பதே முழுவழி. இவ்வெண்ணம் நம் நாட்டிற்குப் புதியதன்று. வார்தாவில் 1947ஆம் ஆண்டளவில் மகன் அடுப்பு உருவாயிற்று. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு புகைபோக்கியுடன் கூடிய மண் அடுப்பு ஒன்றை அமைத்து, அதனைக் கட்டும் முறையை 1953இல் நூலாக வெளியிட்டார். 1980களில் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கி 2002 வரை நடத்திற்று. 2016 மே முதல் நாள் உஜ்வலா திட்டம் தொடங்கி, ஏழை மகளிர்க்குச் சமையல் வாயு இணைப்பு வழங்கப்பட்டது.

இத்திட்டங்களின் அனுபவம் ஒன்றைக் கற்பிக்கின்றது. அடுப்பைக் கட்டித் தருவது எளிது. புகைபோக்கியைப் பேணுவதே கடினம். புகைபோக்கியினுள் கரி படிந்து துளை சுருங்கினால் புகை திரும்பி வீட்டிற்குள் வரும். இல்லத்தார் அடுப்பையே குறைகூறி இடித்துவிடுவர். மாதம் ஒருமுறை நீண்ட கழியில் கந்தல் சுற்றிக் குழாயைத் துடைத்தல் வேண்டும். குழாயின் உச்சி கூரையின் முகட்டினும் உயர்ந்திருத்தல் வேண்டும். தாழ்ந்திருந்தால் முகட்டின்மேல் வரும் காற்று புகையைக் கீழே அழுத்தும். மண்பூச்சில் வெடிப்புக் கண்டால் உடனே சாணமும் களிமண்ணும் குழைத்து அடைக்கவேண்டும். எரிவாயு வந்த வீடுகளிலும் விறகடுப்பு நின்றுவிடவில்லை. களியும் சோறும் விறகிலும், தேநீர் மட்டும் வாயுவிலுமாகச் சமைப்போர் உளர். பண்டிகைப் பலகாரமாவது வாயு அடுப்பில் செய்யப்பட்டால் புகைமணம் நீங்கி எண்ணெய் மணம் மட்டுமே எஞ்சும்.

பழைய மலைவீடுகளில் புகைக்கு ஒரு பயனும் இருந்தது என்பதைக் களப்பணியாளர் மறத்தலாகாது. மூங்கிலும் மண்ணும் சேர்த்த சுவரும், புல் வேய்ந்த கூரையும் கொண்ட வீட்டில் புகை கூரையினூடே கசிந்து வெளியேறியது. கசியும்போது கூரையைச் செல்லரிக்காமல் காத்தது. அடுப்புக்குமேல் கட்டிய பரணில் கேழ்வரகுக் கதிரும் சோளக்கதிரும் விதைக்காகத் தொங்கின. புகையால் வண்டு அணுகாதிருந்தது. இன்று புல் நீங்கி ஓடும் கான்கிரீட்டும் வந்துள்ளன. கான்கிரீட் கூரை புகையை வெளிவிடாது. ஆகவே அதே அடுப்பு முன்னிலும் மிகுதியாக வீட்டை நிரப்புகின்றது. கூரை மாறியபோது அடுப்பு மாறவில்லை என்பதே இக்குறையின் மூலம். புகையை நிறுத்தச் சொல்லும்முன் விதையை எங்கே வைப்பது என்பதற்கும் விடை தருதல் வேண்டும். நன்கு உலர்த்திய விதையைச் சாம்பலோ வேப்பிலைத் தூளோ கலந்து, காற்றுப்புகாத கலத்தில் மூடிவைத்தால் புகையின்றியே விதை காக்கப்படும்.

மணம் ஏறிய துணியைத் துவைத்தல்

எல்லாக் காவலையும் மீறித் துணி மணம் பெற்றுவிட்டால், அம்மணத்தின் இரசாயனக் குணமறிந்து அதற்கெதிரான பொருளைப் பயன்படுத்துதல் வேண்டும். புகைமணத்தின் பீனால்கள் மெல்லிய அமிலத் தன்மையுடையவை. காரநீரில் நன்கு கரைவன. ஆகவே 10 லிட்டர் நீருள்ள வாளியில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, பருத்தித் துணியை அரைமணி நேரம் ஊறவைத்துப் பின் சோப்பிட்டுத் துவைத்தால் புகைமணம் வெகுவாக நீங்கும். எண்ணெய்ச் சிக்கும் காரத்தால் இளகும். நீர் வெதுவெதுப்பாக இருப்பின் மேலும் நன்று. முற்காலத்துச் சலவைத் தொழிலாளர் உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவி வைத்ததன் தத்துவமும் இதுவே. உவர்மண்ணின் காரம் சிக்கை இளக்கியது. ஆவி அதனை நூலிழையினின்று வெளியேற்றியது. பாலியெஸ்டர் கலந்த சீருடைக்கும் இம்முறை பொருந்தும். ஆனால் அதில் சிக்குள்ள இடத்தைச் சோப்பால் தனியே தேய்த்தல் அவசியம்.

மீன் மணம் இதற்கு மாறானது. அது டிரைமெத்தில் அமைன் என்னும் காரப்பொருளால் வருவது. அதற்கு அமிலமே மருந்து. கடைசி அலசலில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ சிறிது சேர்த்தால் மணம் அடங்கும். புளிக்கரைசலும் அமிலமேயாயினும் வெள்ளைத் துணியில் கறைபடியும்.

பட்டுக்கும் கம்பளிக்கும் சலவைச் சோடா ஆகாது. அவை புரத நூல்கள்; காரம் அவற்றை அரித்துவிடும். மலைமக்கள் சேகரித்து விற்கும் பூந்திக்கொட்டையும் சீயக்காயும் இங்குக் கைகொடுக்கின்றன. அவற்றிலுள்ள சப்போனின் சோப்பைப்போல் நுரைத்து அழுக்கைப் பிரிக்கும். ஆனால் காரமின்றி மெல்லிய அமிலத் தன்மையுடன் இருப்பதால் பட்டுக்குத் தீங்கில்லை.

துவைக்காத துணியைச் சலவைப்பெட்டியால் தேய்த்து மணத்தைப் போக்க முயல்வது தவறு. வெப்பத்தால் எண்ணெய் மேலும் சிதைந்து மஞ்சள் நிறமாகி இழையில் இறுகிவிடும். அதன்பின் சோடாவும் பயனளிக்காது.

தெற்கே இடுக்கி மாவட்டத்து மலைகளில், குறிப்பாக மூணாற்றுத் தேயிலைத் தோட்ட லயங்களில், குளிருக்காகச் சன்னலை அடைத்தே வாழவேண்டியிருக்கின்றது. அங்குக் கம்பளிச் சட்டைகளே மணம் ஏற்பவை. கம்பளியை அடிக்கடி துவைக்கவியலாது. ஆனால் அது நீரை மிகுதியாக ஏற்பதால், பனிமூட்டமுள்ள காற்றில் ஓரிரு மணி நேரம் வெளியே தொங்கவிட்டால் உள்ளே நுழையும் நீர் மணப்பொருள்களில் ஒரு பகுதியை வெளியேற்றும். பின் நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் நன்கு உலர்த்தவேண்டும்.

வகுப்பிற்கு ஒரு பரிசோதனை

பண்டிகை விடுமுறைக்கு முன்னர் ஆசிரியர் வெள்ளைப் பருத்தித் துணி, பாலியெஸ்டர்த் துணி ஆகியவற்றை ஒரு சாண் சதுரமாக வெட்டி, மாணவர் சிலரிடம் மும்மூன்று இணையாகத் தரலாம். ஓர் இணையைச் சமையல் நடக்கும் இடத்தில் கொடியில் போடவேண்டும். ஓர் இணையை மூடிய டின்னில் இட்டு அதே இடத்தில் வைக்கவேண்டும். மூன்றாம் இணையை நீரில் நனைத்துப் பிழிந்து கொடியிலேயே போடவேண்டும். அடுப்பிலிருந்து ஆறடி தொலைவில் ஒரு துடைத்த கண்ணாடியையும் மாட்டிவைக்கலாம். பள்ளி திறந்ததும், கண்ணைக் கட்டிக்கொண்ட மாணவர் ஒவ்வொன்றையும் முகர்ந்து வரிசைப்படுத்தவேண்டும். ஒரு வீட்டுத் துணியை அவ்வீட்டுப் பிள்ளையல்லாத வேறொருவரே முகர்தல் வேண்டும். எத்துணி யாருடையது என்பது ஆசிரியர்க்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். பெயரின்றி எண்ணிட்டு வைப்பது நலம்.

நனைத்த பருத்தி முதலிடமும், டின்னில் இருந்தவை கடையிடமும் பெறுதல் பொதுவாக எதிர்பார்க்கத்தக்கது. கண்ணாடியில் சில துளி நீரைத் தெளித்தால், அது பரவாமல் முத்து முத்தாக நிற்கும். எண்ணெய்ப்படலம் அங்கு வந்து சேர்ந்ததற்கு அது சான்று. பின்னர் ஒரே வீட்டிலிருந்து வந்த பருத்தித் துணியை இரண்டாகக் கிழித்து, ஒன்றை வெறுநீரிலும் மற்றொன்றைச் சலவைச் சோடாக் கரைசலிலும் துவைத்து, பள்ளித் தாழ்வாரத்தில் உலர்த்தி மறுநாள் மீண்டும் முகரச் செய்யலாம். அதற்காகத் தாழ்வாரத்தில் கட்டிய கொடியை அப்படியே விட்டுவைத்தால், மழைநாளில் நனைந்துவரும் பிள்ளைகளின் சட்டையை அதிலேயே உலர்த்திக்கொள்ளலாம்.